ஒரே பிழை



ஆசிரியப் பணியில் நான் செய்த தவறு ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. தேர்வில் அருகருகே அமர்ந்த மாணவர் இருவர் ஒரே கணக்கில் தவறியிருந்தனர். பார்த்து எழுதினர் என்று கருதி இருவரையும் தண்டித்தேன். பின்னர் விடைத்தாள்களை வரி வரியாக ஒப்பிட்டபோது உண்மை புலனாயிற்று. ஒருவன் கூட்டலில் பிழைசெய்திருந்தான், மற்றவன் வகுத்தலில். வகுப்பின் முன்னிலையில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

முதுகெலும்பு உடைய உயிர்களின் உறவை ஆராய்வோரும் இவ்வாறே பிழைகளை ஒப்பிடுகின்றனர். அவர்கள் பார்க்கும் விடைத்தாள் மரபணு. உடலின் வேதிமாற்றங்களை நடத்தும் நொதிகளை ஆக்கும் குறிப்பு, நான்கே எழுத்துகளால் அதில் அமைந்துள்ளது. தலைமுறைதோறும் படியெடுக்கையில் சிற்சில பிழைகள் நேரும். அவை பின்வரும் படிகளிலும் தொடரும்.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். நாய், ஆடு, மாடு, எலி ஆகியன அதனைக் குளுக்கோஸிலிருந்து தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. தவளை தன் சிறுநீரகத்தில் ஆக்குகின்றது. இறுதிப் படியை நடத்துவது குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. மனிதனிடம் அது இல்லை. ஆதலாலன்றோ பழமும் காயும் கிட்டாத கடலோடிகள் ஸ்கர்வி நோயால் மாண்டனர்! 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயாளரைத் தேற்றினார்.

நொதி இல்லையெனினும் அதன் மரபணு முற்றும் மறையவில்லை. அதன் சிதைந்த எச்சம் மனிதனிடம் இருத்தலை 1994-இல் ஜப்பானிய அறிஞர் நிஷிகிமியின் குழுவினர் விளக்கினர். 1999-இல் வெளிவந்த ஆய்வில், மனிதன், சிம்பன்ஸி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகிய நால்வரிடமும் அவ்வெச்சத்தின் ஒரு பகுதி ஒப்பிடப்பட்டது. ஓர் எழுத்து விடுபட்ட இடம் நால்வரிடமும் ஒன்றே! பொதுவான மூதாதையிடம் நேர்ந்த பிழை வழிவழியாக வந்தது என்பதே இதற்கு இயல்பான விளக்கம். லெமூர், தேவாங்கு முதலியன அடங்கிய கிளையிலோ இந்நொதி இன்றும் செயற்படுகின்றது. ஆகவே, அக்கிளை பிரிந்த பின்னரே நம் கிளையில் இவ்விழப்பு நேர்ந்தது என்பது தெளிவு.

கினிப் பன்றியாலும் வைட்டமின் சி ஆக்க இயலாது. அதனால் அது நமக்கு நெருங்கிய உறவாகிவிடுமோ? ஆகாது. அதன் மரபணுவில் அழிந்துபோன பகுதிகள் வேறு. அதன் குலம் தனியே அவற்றை இழந்தது. ஒரு மரபணுவின் சான்றே போதும் என்றும் அறிஞர் அமைவதில்லை. பல மரபணுக்களை ஒப்பிட்ட பின்னரே உறவை முடிவு செய்கின்றனர்.

அன்று என் மாணவர் இருவரும் விடையில் தவறினர் என்பதை மட்டுமே நான் கண்டேன். எங்கே தவறினர் என்று காணவில்லை. நீங்கள் அறிவியல் பயிலும்போது அந்த இரண்டாம் கேள்வியை மறவாதீர்கள்.