புதுப்பித்த எஞ்சினும் மதுரை வெயிலும்

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் வளையமும் பேரிங்கும் இட்டுத் திரும்பப் பூட்டுவது ஒரு வேலை. பூட்டிய எஞ்சினைச் சுருதி கூட்டி ஓட வைப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதல் வேலைக்கு லேத்துப் பட்டறை இருக்கிறது, மைக்ரோமீட்டர் இருக்கிறது. தவறு நேர்ந்தால் அளவுகளே காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது வேலையில் அத்தகைய சாட்சிகள் குறைவு. சொந்தக்காரர் செலவழித்த பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இந்த இரண்டாவது வேலையைப் பற்றியே இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. போன்ற வண்டிகளை அங்குள்ளோர் போற்றிக் காப்பாற்றி வருகின்றனர். எட்டு சிலிண்டர்களும் ஆறு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் கொண்ட அந்த முரட்டு எஞ்சின்களுக்கு நம் ஊர்த் தெருவில் இடமேது? மதுரைச் சீமையில் புதுப்பிக்கப்படும் பழைய வண்டி என்றால் அநேகமாக அது அம்பாசடராகத்தான் இருக்கும். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்டது அது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வகுத்தது, எளிய அமைப்பு, கனத்த இரும்பு, நான்கே சிலிண்டர். ஆயினும் எட்டு சிலிண்டருக்கும் நான்கு சிலிண்டருக்கும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றதும் கை நேரே கார்புரேட்டருக்குப் போவது நம்மவர் வழக்கம். அதன் மேல் இரண்டு திருகுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, திருகுவது சுலபமாக இருக்கிறது, காரணம் அவ்வளவுதான். ஒன்றைத் திருகி, அது போதாமல் மற்றதையும் திருகி, பிறகு டிஸ்டிரிபியூட்டரையும் சற்று அசைத்துவிட்டால் நோய் எது, வைத்தியம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றுவதற்கு முன் அது இருந்த நிலையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரின் முறை வரிசையில் கடைசி.

வரிசையின் தலையில் நிற்பது சிலிண்டரின் அழுத்தம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, அழுத்தமானியை ஒவ்வொரு துவாரத்திலும் வைத்து எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். புதிய வளையங்கள் சிலிண்டரோடு இன்னும் பழகவில்லை. ஆதலால் எண் சற்றுக் குறைவாக இருந்தால் கவலையில்லை. நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் குறை வளையத்தில். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ. ஒரு கரண்டி எண்ணெய் சொல்லும் இந்தச் சேதியைக் கேளாமல் எஞ்சினை இரண்டாம் முறை பிரித்தவர்கள் உண்டு.

அடுத்து டாப்பெட். இந்த எஞ்சினில் வால்வுக்கும் அதை அமுக்கும் நெம்புக்கும் இடையே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வேண்டும். அதை வைப்பதற்கு ஒன்பது என்னும் கணக்கு ஒன்றுண்டு. எட்டாவது வால்வு முழுதும் திறந்து நிற்கையில் முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதைச் சரிசெய்யலாம். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். டாப்பெட் சத்தம் கேட்கக் கூடாது என்று சில சொந்தக்காரர்கள் பிடிவாதம் செய்வார்கள். மெக்கானிக்கும் அவர்கள் மனம் கோணாதபடி இடைவெளியைக் குறைத்து வைத்துவிடுவார். சத்தமிடும் டாப்பெட்டால் காதுக்குத்தான் தொல்லை. சத்தமே இடாத டாப்பெட், சூடேறியதும் வால்வை முழுதும் மூடவிடாமல் தடுத்து, புகை வால்வைக் கருக்கிவிடும்.

இனித் தீப்பொறி. கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் தீப்பொறியின் கோளாறே என்பது என் எண்ணம். டிஸ்டிரிபியூட்டரில் பாயிண்டின் இடைவெளியை முதலில் வைத்து, அதற்குப் பிறகே தீ மூட்டும் நேரத்தை வைக்கவேண்டும். இந்த முறையை மாற்றினால் செய்த வேலை வீண். இடைவெளி அகன்றால் பாயிண்டு முன்னதாகவே திறக்கும். நேரமும் அதனோடு முந்திவிடும். நேரம் வைப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைக் கட்டி, ஒன்றை டிஸ்டிரிபியூட்டருக்குக் காயிலிலிருந்து வரும் சிறு கம்பியின் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, சாவியைத் திருப்பிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றவேண்டும். பாயிண்டு திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் கப்பியில் உள்ள குறி, கையேடு சொல்லும் பாகையில் நிற்கவேண்டும்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினுக்கே உரிய வேடிக்கையான கோளாறு ஒன்றுண்டு. இதன் தீ மூட்டும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதை மறந்து பிளக் கம்பிகளைக் கடிகாரத் திசையில் செருகிவிட்டால் என்ன ஆகும்? முதல் சிலிண்டரும் நான்காவது சிலிண்டரும் சரியாகவே வெடிக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டும் தீப்பொறி இடம் மாறிப் போகும். எஞ்சின் தள்ளாடி ஓடும். கார்புரேட்டர் வழியே தும்மும். பார்ப்பவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார், புதிதாகக்கூட வாங்கிப் பொருத்துவார்! தும்மல் நின்றபாடிராது. கம்பிகளை விரலால் தொடர்ந்து ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

தும்மல் எந்த வழியாக வருகிறது என்பதிலும் பொருளுண்டு. கார்புரேட்டர் வழியே வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது நேரம் தவறியிருக்கிறது, அல்லது உள்ளிழுக்கும் வால்வு மூடவில்லை. சைலன்சர் வழியே வெடித்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி அவ்வப்போது தவறி, எரியாத பெட்ரோல் வெளியே போய் எரிகிறது. புகையும் அவ்வாறே பேசும். கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பிறகும் விடாத வெண்புகை தண்ணீர் உள்ளே புகுவதையும் சொல்லும்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். மதுரைக்கென்று தனியே சில சங்கதிகள் உண்டு. சித்திரை வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அந்த வெயிலில் சிம்மக்கல்லிலோ கீழவாசலிலோ நெரிசலில் ஊர்ந்தால், புதுப்பித்த எஞ்சின் கொதித்து நிற்கும். உடனே ரேடியேட்டரின் மேல் பழி விழுகிறது. கிணற்று நீரின் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைபடுவது உண்மைதான். உப்பற்ற நீரும் குளிர்விப்பானும் கலந்து ஊற்றினால் அது வராது. ஆனால் தீ மூட்டும் நேரம் பிந்தியிருந்தாலும் எஞ்சின் கொதிக்கும். எரிதல் பிஸ்டனைத் தள்ளி முடியாமல் புகைக்குழாயில் போய் முடிகிறது. வெப்பம் ஹெட்டில் தங்குகிறது. பெட்ரோல் குறைந்த கலவையும் இதே தீமையைச் செய்யும். வலி ரேடியேட்டரில் தெரிகிறது; நோயோ வேறிடத்தில்.

நெரிசலில் நின்றுபோன எஞ்சினுக்கு மற்றொரு சோதனை. காப்புறையிட்ட குறடால் ஒரு பிளக் கம்பியைப் பிடித்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, இரும்பின் அருகே காட்டுங்கள். பொறி பளிச்சென்று பாய்ந்தால் குற்றம் பெட்ரோலில். சூட்டில் அது பம்பிலேயே ஆவியாகித் தடைபட்டிருக்கும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்துங்கள். இந்தப் பழைய வைத்தியத்தைப் பரிகசிக்க வேண்டாம்; ஆவி குளிர்ந்து நீர்மமானதும் வண்டி கிளம்பிவிடும். பொறியே இல்லையெனில் காயிலையோ கண்டென்சரையோ பாருங்கள்.

எரிபொருள் மாறியிருக்கிறது என்பதே எல்லாவற்றிலும் பெரிய சங்கதி. இந்த எஞ்சினை வகுத்த நாளில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு அமரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஆகவே ஹெட்டைப் பிரித்திருக்கும்போதே புகை வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்களைப் பதித்துவிடுவது நல்லது. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எனவே பழைய கையேட்டின்படி ஜெட் வைத்த கார்புரேட்டர், இன்றைய எரிபொருளுக்குக் காற்றை அதிகமாகவும் எரிபொருளைக் குறைவாகவுமே தரும். வண்டி இழுக்காது, மிதித்தால் தயங்கும், நீடித்தால் வால்வும் பிஸ்டனும் கருகும். ரீபோர் செய்த செலவெல்லாம் ஒரு நீண்ட பிரயாணத்தில் புகையாய்ப் போகும். கையேட்டு எண்ணிலிருந்து தொடங்கி, பிளக்கின் முனை வெளுக்காமல் இளம் பழுப்பாக வரும் வரை கலவையைச் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். தேவையானால் ஜெட்டையும் ஒரு படி பெரிதாக்க வேண்டும். பம்பின் சவ்வையும் ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது; வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியை அரைகுறையாக விடாதீர்கள்.

எரிபொருளுக்குத் தக்கபடி எஞ்சினைத் திருத்துவது மதுரைக்குப் புதிதன்று. 1912-இல் இந்நகரில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கருவியைச் செய்து அளித்தார். அக்காலத்தில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. கரி வாயு மெல்ல எரிவது. ஆகையால் தீ மூட்டும் நேரத்தை முன்தள்ளி வைக்கவேண்டும். அப்படி வைத்தும் எஞ்சினின் வலுவில் கணிசமான பங்கு போய்விடும். பஞ்சம் தீர்ந்து பெட்ரோல் திரும்பியதும் நேரத்தைப் பின்னிழுக்க மறந்தால் எஞ்சின் தட்டும். அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அந்த நாட்களில் ஒரு பஸ்ஸும் நகர்ந்திருக்காது.

இத்தனை தொல்லை எதற்கு, வேறு எஞ்சினை ஏற்றிவிடலாமே என்பாரும் உண்டு. டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. ஆனால் 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் குலையாத வண்டிக்குத்தான் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு கிடைக்கும். எஞ்சினை மாற்றுபவர் அதையும் சேர்த்தே இழக்கிறார்.

எஞ்சினை முதன்முதல் கிளப்பும் நாளைப் பற்றி ஒரு சொல். எண்ணெய் அழுத்தமானி ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். கிளம்பியதும் குறைந்த வேகத்தில் உறும விட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. சுமார் இருபது நிமிஷம் நடுத்தர வேகத்தில், நிமிஷத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுக்குள் ஏற்றி இறக்கி ஓட விடுங்கள். கேம் தண்டுக்கும் அதன் மேல் அமரும் டாப்பெட்டுகளுக்கும் எண்ணெய் தெறித்துக் கிடைப்பது அந்த வேகத்தில்தான். ஆறிய பின் ஹெட் நட்டுகளை உரிய வரிசையில் மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் மறுபடி வைக்கவேண்டும். ஹெட் அமர்ந்ததும் அந்த இடைவெளி மாறியிருக்கும். மானிபோல்டு இணைப்பைச் சுற்றி எண்ணெய்க் குப்பியால் சிறிது எண்ணெய் விட்டுப் பாருங்கள். எஞ்சினின் ஓட்டம் மாறினால் அங்கே காற்றுக் கசிகிறது.

முதல் 800 கிலோமீட்டருக்கு மேலூர்ச் சாலை போன்ற சமதளமே ஏற்றது. மணிக்கு 60 கிலோமீட்டருக்குள், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். பெரிய கியரில் திணறவிட்டு மிதிப்பது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல். செம்மண் புழுதி பறக்கும் கிராமச் சாலைகளில் போனால் காற்று வடிகட்டியை வாரந்தோறும் திறந்து பாருங்கள். 800 கிலோமீட்டர் நிறைந்ததும் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி, உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள்.

அதன் பிறகு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறலாம். 2000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடும். கலவையில் பெட்ரோல் மிகுந்ததுபோல் ஆகி, எஞ்சின் சற்று மந்தப்படும், புகையும் கறுக்கும். அங்கே வைத்துத் திருகைத் தொடாதீர்கள். மறுநாள் இறங்கி வத்தலக்குண்டுச் சமவெளியைத் தொட்டதும் எஞ்சின் தானே தன் பழைய குரலுக்குத் திரும்பிவிடும்.