நியமனக் கடிதத்துக்குப் பின்

எமது பாடசாலையிற் பயின்று சென்ற மாணவனொருவன் நியமனக் கடிதமும் கையுமாக அண்மையில் என்னைக் காண வந்தான். “சேர், வேலை கிடைத்துவிட்டது. இனி ஒரு கவலையுமில்லை” என்றான். வாழ்த்தி அனுப்பினேன். ஆயினும் உத்தியோகம் பெறுவது வேறு, உத்தியோகத்திற் சிறப்பது வேறு என்பதை அன்று அவனுக்கு நான் சொல்லவில்லை. அதனை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

ஆசிரிய சேவையிற் புகுமுன் நான் ஓர் அரசாங்கக் கந்தோரிற் சிறிது காலம் எழுதுவினைஞனாக இருந்தேன். கணவனை இழந்த பெண்ணொருவரின் ஓய்வூதியக் கோவையை வேறோர் இறாக்கையில் வைத்து மறந்துவிட்டேன். அவ்வம்மையார் பஸ் ஏறி மூன்று முறை வந்தார். மூன்று முறையும், “கோவை கொழும்புக்குப் போயிருக்கிறது, அம்மா” என்று பொய் சொன்னேன். அப்பொழுது நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். பிழையை ஒப்புக்கொண்டால் பதவி நிரந்தரமாகாது போய்விடுமோ என்று அஞ்சினேன்.

மூன்றாம் முறை நான் கூறியதைப் பிரதம எழுதுவினைஞர் கேட்டுவிட்டார். பலர் முன்னிலையில் அவர் என்னை ஏசவில்லை. மாலையில் தனியே அழைத்து, “தம்பி, உமக்கு அது ஒரு கோவை. அந்த மனுசிக்கு அது அடுப்பெரிகிற காசு. கோவையைத் தேடி எடும். நடந்ததை நீரே போய்ச் சொல்லும்” என்றார்.

தேடி எடுத்தேன். மறுநாள் அவருடைய வீட்டுக்கே சென்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று நாட்கூலியை நான் இழந்திருக்க மாட்டேன், தம்பி” என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

நேயர்களே, தொழில் செய்வோர் எவர்க்கும் பிழை நேரும். நேர்ந்த அன்றே அதனை மேலதிகாரியிடம் கூறி, திருத்தும் வழியையும் உடன் கூறுங்கள். ஒரு நாளிற் திருத்தக்கூடிய பிழை, மறைத்து வைத்தால் ஒரு மாதத்திற் குற்றமாகிவிடும். நீங்கள் பிறர்க்கு மேலாளராகும் காலத்தில் அந்தப் பிரதம எழுதுவினைஞரை நினைத்துக்கொள்ளுங்கள்: கண்டிப்பது தனிமையில், பாராட்டுவது பலர் முன்னிலையில்.

மேலதிகாரியோடு பழகும் முறைக்கு வள்ளுவர் தீக்காய்வாரை உவமை காட்டினார். மிக நெருங்கினாற் சுடும். மிக விலகினாற் குளிரும். முகத்துதி செய்வோரும், முகங்கொடாது ஒதுங்குவோரும் இதனை உணர்தல் நன்று. தேநீர் கொண்டுவரும் அலுவலக உதவியாளரிடமும் அதே மரியாதையோடு பேசுங்கள். எந்தக் கோவை எங்கே இருக்கின்றது என்பதை அதிகாரியிலும் நன்கறிந்தவர் பெரும்பாலும் அவரே.

இனி, முன்னேற்றம். வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சையை “அடுத்த முறை பார்ப்போம்” என்று தள்ளிப்போடுவோர் பலர். உரிய காலத்திற் சித்தியடையாதவரின் சம்பள ஏற்றம் தடைப்படும். தாபன விதிக்கோவையிலும் நிதிப் பிரமாணத்திலும் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் படித்தாற் போதும். பரீட்சைக் காலத்திற் பதற்றம் இராது.

மொழியையும் மறவாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. புதிதாக அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை விதித்தது. இதனைச் சுமையென எண்ணற்க. சிங்களம் பேசும் முதியவரொருவர் உங்கள் மேசைக்கு வந்து, தம் குறையைத் தம் மொழியிற் கூறி, விளக்கம் பெற்றுச் செல்வாராயின், அதுவே உங்கள் படிப்பின் பயன். எம்மவர் வேறோர் ஊர்க் கந்தோரில் எதிர்பார்ப்பதும் அதுவேயன்றோ?

அந்த மாணவன் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தம்பி, உமது மேசையிலுள்ள ஒவ்வொரு கோவைக்கும் பின்னால் ஒருவர் பஸ் நிலையத்திற் காத்திருக்கின்றார். அதனை மறவாதிரும்; உயர்வு தானே வந்து சேரும்.