பொதுப் பணத்தில் வாங்கிய அறிவு யாருக்குத் திறக்கிறது?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பின் தலைப்பு சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். இணைய ஆய்வுத் தரவுத்தளங்களை மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடிகிறதா என்பது நூலகர்களும் கணினிப் பொறியாளர்களும் பேச வேண்டிய விஷயம், கட்சி வகுப்பில் அதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். பொதுச் சொத்து யாருக்குப் பயன்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது நமது இயக்கம் எப்போதும் எழுப்பிவரும் கேள்வி. அதே கேள்விதான் இங்கு வேறு வடிவத்தில் நிற்கிறது.

நான் பார்வை மாற்றுத்திறனாளி என்பதைத் தோழர்கள் அறிவீர்கள். என் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லித் தொடங்குகிறேன். புலம்பெயர் தொழிலாளர்களின் கூலி நிலை குறித்து ஒரு பல்கலைக்கழகத்தில் முன்பே எழுதப்பட்ட ஆய்வேடு இணையத்தில் இருப்பதை அறிந்து பதிவிறக்கினேன். கட்டணம் இல்லை, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பான் மென்பொருள், ‘வெற்றுப் பக்கம்’ என்றது. 300-க்கும் மேற்பட்ட பக்கங்கள். எந்தப் பக்கத்திற்குப் போனாலும் அதே பதில். அச்சுப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருந்தார்கள். கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம்.

எழுத்துணரி மென்பொருளில் இட்டு மாற்றிப் பார்த்தேன். வாக்கியங்கள் ஓரளவு கிடைத்தன. கூலி அட்டவணைகளோ சிதைந்துபோயின. எது ஆண் தொழிலாளியின் கூலி, எது பெண் தொழிலாளியின் கூலி என்று பிரித்தறிய வழியில்லை. என் வாதமோ அந்த அட்டவணையைத்தான் சார்ந்திருந்தது. கடைசியில் நண்பர் ஒருவர் இரண்டு மாலைப் பொழுதுகள் என்னுடன் அமர்ந்து வாசித்துக் காட்டினார். அவருக்கு நான் கடமைப்பட்டுள்ளேன். ஆயினும், நான் எந்தப் பக்கத்தை வாசிப்பது, எதை விடுவது என்பதை அவருக்குக் கிடைத்த ஓய்வு நேரமே தீர்மானித்தது. அந்த ஆய்வேட்டின் பெரும்பகுதியை நான் இன்றுவரை வாசிக்கவில்லை.

ஹெலன் கெல்லரைப் பள்ளிப் பாடநூல்கள் தன்னம்பிக்கையின் அடையாளமாக மட்டுமே காட்டுகின்றன. அவர் 1909இல் அமெரிக்க சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். வறுமைக்கும் பார்வையிழப்புக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியவர். தாம் சோசலிஸ்ட் ஆனது எப்படி என்று 1912இல் எழுதிய கட்டுரையில், வாரத்தில் மூன்று முறை வரும் ஒரு பெண்மணி செய்திகளையும் கட்டுரைகளையும் தம் கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தியதை விவரிக்கிறார். நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. எழுத்தைக் குரலாக்கும் கருவி இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கிறது. இருந்தும் இந்நாட்டின் ஆய்வு மாணவர்கள் பலர் இன்னொருவரின் ஓய்வு நேரத்திற்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

தடை எங்கே உள்ளது?

திரைவாசிப்பான் மென்பொருளுக்கு மூன்று விஷயங்கள் தேவை. முதலாவது, பக்கத்தில் உண்மையான எழுத்து இருக்க வேண்டும். இரண்டாவது, எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணையின் எந்த நிரல் என்ற கட்டமைப்புக் குறிப்பு ஆவணத்திற்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, படங்களுக்கும் வரைபடங்களுக்கும் எழுத்து வடிவில் விளக்கம் இருக்க வேண்டும். இவை இருந்தால் பார்வையற்ற ஒருவர் 300 பக்க நூலிலும் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் சென்று வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

நூல் கிடைப்பதற்கு முன்பே தேடல் பக்கத்தில் தடை தொடங்கிவிடுகிறது. ஆண்டு, துறை, ஆசிரியர் எனத் தேடலைச் சுருக்கும் கட்டங்களுக்குப் பெயரிடப்படாவிட்டால், திரைவாசிப்பான் ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று மட்டுமே சொல்லும். உள்ளே நுழைய, கோணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுவார். கைகளில் இயக்கக் குறைபாடு உள்ளவர்களால் சுட்டியைப் பிடிக்க முடியாது. எல்லாப் பணியையும் விசைப்பலகையாலேயே செய்ய முடிய வேண்டும். காணொளி விரிவுரைகளுக்கு வசனவரி இல்லையென்றால் செவித்திறன் குறைந்தோருக்கு அவை பயனற்றவை. மங்கலான எழுத்து நிறம் குறைபார்வை உள்ளோரை வெளியேற்றிவிடுகிறது.

இந்திய மொழிகளில் இன்னொரு சுமையும் உண்டு. யூனிகோட் பரவலாவதற்கு முன் தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களிலும், இந்தியில் க்ருதிதேவ் போன்றவற்றிலும் தட்டச்சு செய்யப்பட்டவை ஏராளம். திரையில் அவை நல்ல தமிழாகவே தெரியும். திரைவாசிப்பான் வாசிக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக ஒலிக்கும். ஆக, தாய்மொழியில் ஆய்வு செய்யும் மாற்றுத்திறனாளி இரு முறை தடுக்கப்படுகிறார்.

சட்டம் சொல்வதும் அரசு செய்வதும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளோர் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல். மாற்றுத்திறனாளி இயக்கங்களின் நெடிய போராட்டத்தின் பயனாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசின் நிதியுதவி பெறுபவற்றிலும் 5 சதவீதத்திற்குக் குறையாத இட ஒதுக்கீட்டை வழங்குகிறது. இடம் தரப்படுகிறது, நூலகம் தரப்படுவதில்லை என்றால் அந்த இட ஒதுக்கீட்டின் பொருள் என்ன?

அதே சட்டத்தின் 42ஆவது பிரிவு, அச்சிலும் ஒலியிலும் மின்னணு ஊடகத்திலும் உள்ளவை அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 46ஆவது பிரிவு அரசுச் சேவை, தனியார் சேவை இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 2017இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகள், சட்டம் கட்டாயமாக்கியதை வெறும் பரிந்துரைகளாகச் சுருக்கிவிட்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 15ஆவது விதியின் முதல் உட்பிரிவு சட்டத்திற்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு உத்தரவிட்டது. அந்தக் கெடுவுக்குள் விதிகள் வரவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

சட்டத்தை மீறினால் தண்டனை என்ன? 89ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்தச் சிறு பல்லையும் பிடுங்கும் வகையில், 2020 ஜூலையில், பெருந்தொற்றுக்கு நடுவே, தண்டனைப் பிரிவுகளை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தங்களை ஒன்றிய அரசு முன்வைத்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகளின் ஒன்றுபட்ட எதிர்ப்பால் அதைக் கைவிட நேர்ந்தது. போராடினால் பின்வாங்க வைக்க முடியும் என்பதற்கு அது ஓர் அண்மைக்காலச் சான்று.

6,000 கோடி ரூபாயும் ஒரு நிபந்தனையும்

இப்போது பணத்தின் பக்கம் வருவோம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களில் உள்ள சுமார் 1.8 கோடி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

உலகின் அறிவியல் கட்டுரைகளைப் பெரும்பாலும் பொது நிதியில் இயங்கும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்; அவர்களே ஊதியமின்றி மதிப்பீடும் செய்கிறார்கள். பதிப்பகங்கள் அதையே அந்த நிறுவனங்களுக்கு விற்கின்றன. எல்செவியரின் தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் இப்பிரிவின் செயல்பாட்டு லாபம் 30 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டப்படுகிறது. இந்த வணிகத்தை நாம் விமர்சிக்கிறோம். அதே வேளையில், வாங்குபவருக்கு வலிமை இருக்கும்போது அந்த வலிமை யாருக்காகப் பயன்படுத்தப்பட்டது என்றும் கேட்கிறோம்.

அமெரிக்காவில், மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆவது பிரிவில் 1998இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கூட்டாட்சி அரசின் துறைகள் மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்தத்தக்க மின்னணுச் சாதனங்களையும் சேவைகளையுமே வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்கள் உள்ளிட்டவற்றுக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கே அரசின் நிபந்தனைக்கு இணங்கி விற்கும் அதே பன்னாட்டு நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன. நமது நாட்டிலும் ஐ.எஸ். 17802 என்ற தரநிலை வகுக்கப்பட்டிருக்கிறது. 6,000 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் இத்தரநிலை ஒரு நிபந்தனையா? நிபந்தனை என்றால், மீறும் நிறுவனத்தின் தொகை பிடிக்கப்படுமா? ஒப்பந்தத்தை வெளியிட்டு அரசு இதற்குப் பதில் கூற வேண்டும். 2027 இறுதியில் திட்டக் காலம் முடிகிறது. கையெழுத்தான பின்பு கேட்டுப் பயனில்லை.

நமது சொந்தக் கருவூலம்

பன்னாட்டு நிறுவனங்களை மட்டும் குறைகூறி நிறுத்திவிட முடியாது. இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. யாரும் கட்டணமின்றி வாசிக்கலாம் என்ற அதன் அடிப்படை போற்றத்தக்கது. அதை நாம் பாதுகாக்க வேண்டும். அதனால்தான் அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கோருகிறோம்.

புதிய ஆய்வேடுகளுக்கு இது செலவில்லாத வேலை. கணினியில் எழுதும்போதே தலைப்புகளுக்கு உரிய பாணியைத் தேர்ந்து, அட்டவணைக்குத் தலைவரிசை குறித்து, படத்திற்கு இரண்டு வரி விளக்கம் எழுதி, யூனிகோடில் சேமித்தால் போதும். ஆய்வேட்டை ஏற்பதற்கு இதை ஒரு நிபந்தனையாகப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்கலாம். படமாக ஏற்றப்பட்ட பழைய ஆய்வேடுகளை மாற்றுவதற்குப் பணமும் ஆட்களும் தேவை. அது நிரந்தரப் பணியிடங்களில் நூலகர்கள் நியமிக்கப்படுவதோடு இணைந்த கோரிக்கை. ஒப்பந்தத் தொழிலாளியைக் குறைந்த கூலியில் விரட்டி வேலை வாங்கும் முறையில் இது நடவாது.

‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எந்தப் படத்தையும் அது வாசித்துவிடும், இனி இந்தக் கோரிக்கை எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கருவிகள் பயன்படத்தான் செய்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இயந்திரம் 3ஐ 8 என்று ஊகித்துச் சொன்னால், அது தவறு என்பதை யாரைக் கேட்டு நான் அறிவது? மேற்கோள் காட்டும் ஆய்வாளருக்கு மூலமே தேவை. மேலும், இயற்றியவரும் விற்றவரும் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையை, ஒவ்வொரு மாற்றுத்திறனாளியும் தனித்தனியாகத் தம் செலவில் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும் என்பது எவ்வகையில் நியாயம்? 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் நூல்களை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி தருகிறது. மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். மாற்றிக்கொள்ளும் உரிமை தேவையானது. அது வெளியிடுபவரின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

நமது கடமை

தோழர்களே, மூன்று கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர், நூலகர் அரங்குகளில் நாம் கொண்டுசெல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் கூறிய கட்டாய விதிகளைத் தண்டனை ஏற்பாட்டுடன் உடனே அறிவிக்க வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும் எந்தத் தரவுத்தளமும் மாற்றுத்திறனாளிப் பயனாளிகளைக் கொண்டு சோதித்த பிறகே வாங்கப்பட வேண்டும்; எங்களைப் பற்றிய முடிவை எங்களை விலக்கிவிட்டு எடுக்கக் கூடாது. ஷோத்கங்காவின் பழைய ஆய்வேடுகளை மாற்றக் காலவரையறையும் தனி நிதியும் ஒதுக்க வேண்டும்.

நான்காவதாக ஒன்று நம்மிடமே கோர வேண்டியது. நமது ஏடுகள், தீர்மானங்கள், வகுப்புக் குறிப்புகள் ஆகியவற்றை எந்த வடிவில் அனுப்புகிறோம்? புலனக் குழுவில் வரும் சுற்றறிக்கை பல நேரங்களில் புகைப்படமாகவே வருகிறது. அதை வாசிக்க நான் இன்னொரு தோழரை அழைக்க வேண்டியிருக்கிறது. இது தீய எண்ணத்தால் நடப்பதல்ல. நினைத்துப் பாராததால் நடப்பது. பல்கலைக்கழகங்களில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே. அரசிடம் கோருவதை முதலில் நமது கிளையில் நடைமுறைப்படுத்துவோம். இன்று மாலை அனுப்பப்போகும் அறிக்கையைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.