ரோல் நம்பர் கேட்ட அம்மா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வேலைவாய்ப்புகள் பற்றிப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் போன் செய்தார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். என் அம்மாவைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஹாஸ்டலுக்கு வந்தாங்களே, அந்த நர்ஸம்மாதானே? பேசுங்க" என்றார். அம்மா 2024 நவம்பரில் காலமானார். இங்கே சில பேருக்கு அது தெரியாது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸிங் படித்தவர். 1988-ல் அப்பா இறந்தார். வைத்தியத்துக்கு வாங்கிய கடன் மட்டும் நின்றது. 1989 ஜனவரியில் அம்மா குவைத்துக்குப் போனார். எனக்கு அப்போது இரண்டு வயது. ஆச்சிதான் என்னை வளர்த்தார்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. தம்பிகளுக்கு இது வரலாறு. எங்கள் வீட்டில் அது ஏழு வாரம் கடிதம் வராத காலம். அங்கே இருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஊர் திரும்பினார்கள். பெரும்பாலோர் பஸ் பிடித்து பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்தவர்கள். அம்மாவும் அப்படித்தான் வந்தார். பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. கையில் தூதரகம் கொடுத்த ஒற்றைத் தாள், இடுப்பில் கட்டிய கொஞ்சம் பணம், வார்டில் கட்டும் கைக்கடிகாரம். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து நான் ஆச்சியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேனாம். இதை அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

கடன் தீரவில்லை. 1991 ஜூனில் சவூதி போனார். பிறகு ஓமனில் சலாலா. அங்கே ஜூன் மாதம் பிறந்தால் சாரல் விழும், மலை பச்சையாகிவிடும். தென்னையும் வாழையும் உண்டு. "நம்ம ஊரு மாதிரியே இருக்கு, ஆளுகதான் வேற" என்று எழுதுவார்.

லீவில் வந்தால் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். "500 மில்லி குளுக்கோஸ், எட்டு மணி நேரத்துல ஏறணும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விடுவ?" பத்தாயிரம் சொட்டு, 480 நிமிஷம், அதாவது 21 சொட்டு. சொன்னால் விடமாட்டார், கடிகாரத்தைக் கையில் கொடுத்து, தோட்டத்துக் குழாயை 21 சொட்டுக்குத் திருகி வைக்கச் சொல்வார். மூன்றாவது செமஸ்டரில் ஃப்ளோ ரேட் வந்தபோது வகுப்பில் நான் ஒருவன்தான் பயப்படவில்லை. மற்ற பாடங்களில் என் லட்சணம் ஆசிரியர்களுக்குத் தெரியும்!

இனி 2006 ஜூலைக்கு வருகிறேன். லீவில் வந்த அம்மா, என்னைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவதாக ஹாஸ்டலுக்கு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் அறைத் தோழனின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "மூத்திரம் நல்லெண்ணெய் நிறத்துல போகுதா மக்களே?" என்றார். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலைக்குள் ஒன்பது பேர். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்ததில் மஞ்சள் காமாலை, ஏ வகை என்று வந்தது. இரண்டு பேரை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

நாங்கள் அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பிட்டதைச் சந்தேகப்பட்டோம். அம்மா, "இது போன மாசத்து வெனை" என்றார். இந்தக் கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரி 28 நாள் ஆகும். "தொட்டிய எப்பம் கழுவுனது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. "எத்தனை லிட்டர் தொட்டி?" அதுவும் தெரியாது. ஒரு மாடி நிறைய இன்ஜினீயர்கள்! கடைசியில் சிவில் பசங்க ஏறி அளந்தார்கள். நீளம் 4 மீட்டர், அகலம் 2.5, ஆழம் 2. ஆக 20,000 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 50 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டக்கூடாது, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தொட்டியைக் கழுவ வேண்டும். கழுவினோம். உள்ளே என்ன கிடந்தது என்று சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லவேண்டாம். கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஒன்று உடைந்திருந்ததையும் அதே சிவில் பசங்கதான் கண்டுபிடித்தார்கள். அது சரியாகும் வரை எல்லோருக்கும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான்.

வார்டன் சார் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார். படிப்பறை நோயாளி அறை ஆனது. அவர் வீட்டிலேயே அம்மாவுக்குப் படுக்கை. மருந்து ஏதாவது கொடுப்பார் என்று பார்த்தோம். "இதுக்கு மருந்து கெடையாது, ஓய்வுதான்" என்றார். பத்தியம் என்று பட்டினி போடவிடவில்லை. காய்ச்சல் என்று இஷ்டத்துக்குப் பாராசிட்டமால் விழுங்கிய ஒருவனுக்கு நல்ல திட்டு கிடைத்தது.

இரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வந்து ஒவ்வொருத்தனையும் எழுப்புவார். "பேரென்ன? ரோல் நம்பர் சொல்லு." அரைத்தூக்கத்தில் பசங்க உளறுவதை மறுநாள் நடித்துக் காட்டிச் சிரிப்போம். ஈரல் ரொம்பக் கெட்டுப்போனால் முதலில் புத்தி தடுமாறும், அதைத்தான் அவர் பார்த்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சொன்னால் பயப்படுவோம் என்று சொல்லவில்லை.

நான் அப்போது சிரித்தேன், ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். "உங்களுக்கு முப்பது நாள் லீவு. ஊர்ல ஆச்சி காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு அம்மை போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க? ஊரான் பிள்ளைகளுக்கு மட்டும் நர்ஸா?" அம்மா கோபப்படவில்லை. "நீயும் இங்கதான இருக்க மக்களே" என்றார். கஞ்சிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனார். அதற்கப்புறம் நாங்கள் இதைப் பேசியதே இல்லை.

அம்மா இறந்த பிறகு அலமாரியில் பழைய பாஸ்போர்ட்டுகள் கிடைத்தன. குவைத் தாளையும் சேர்த்து பேண்டேஜ் துணியால் கட்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முத்திரைத் தேதிகளை எல்லாம் எழுதிக் கூட்டினேன். நம்ம புத்தி அப்படித்தானே போகும். 1989 ஜனவரியிலிருந்து நான் இங்கே படித்து முடித்த 2008 மே வரை அம்மா இந்தியாவில் இருந்தது 752 நாள். இரண்டு வருஷமும் 22 நாளும். அதில் ஒன்பது நாள் நம் ஹாஸ்டலில். அந்த ஒன்பதில் நான் முகம் கொடுத்துப் பேசாதது ஐந்து நாள்.

கடைசி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அடிக்கடி நினைவு தவறியது. இரவில் எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கும்படி டியூட்டி நர்ஸ் சொல்லியிருந்தார். ஒரு நாள் இரண்டு மணி இருக்கும், தோளைத் தொட்டு, "அம்மா, உங்க பேரு என்ன?" என்றேன். கண்ணைத் திறக்காமல் பெயரைச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, நாக்குக் குழற, "ரோல் நம்பரும் வேணுமா மக்களே?" என்றார்.

இதைச் சொல்ல மட்டும் நான் வரவில்லை. 2006-ல் தொட்டியைக் கழுவி முடித்ததும், கழுவிய தேதியைத் தொட்டிச் சுவரிலேயே பெயிண்டால் எழுதவைத்தார் அம்மா. அடுத்தடுத்து வந்த பசங்களும் எழுதியிருக்கிறார்கள், வரிசையாக இருக்கிறது. இன்று காலை மாடியேறிப் பார்த்தேன். கடைசித் தேதிக்கு வயது பதினாலு மாதம். வார்டனிடம் பேசிவிட்டேன், மதியம் தண்ணீரை வடித்துவிடுவார்கள். பிரஷ், வாளி, பிளீச்சிங் பவுடர் என் கார் டிக்கியில் இருக்கிறது. எங்கள் செட்டில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டத் தயார், முதுகு வலிதான் பிரச்சினை. சாப்பாடு முடிந்ததும் தம்பிகள் இரண்டு பேர் ஏணி பிடிக்க வாங்க.