எந்தக் காசை வாங்குவேன்?



பொருள் வேண்டுமளவு தந்தால் எந்த அரிய காசை வாங்குவீர் என்று நம் வட்டத்து நண்பர் ஒருவர் கேட்டார். விலையே அளவுகோல் என்றால் விடை எளிது: அமெரிக்கா 1933இல் அடித்த இருபது டாலர் பொற்காசு. நான்கு இலட்சத்துக்கு மேல் அடித்தும், புழக்கத்துக்கு விடாமலே உருக்கிவிட்டார்கள். தப்பிய ஒன்று 2021இல் ஏறத்தாழ 189 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

என் மனமோ கரூரில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சிறு வெள்ளிக் காசின்மேல் கிடக்கிறது. அதில் ஒரு மன்னனின் தலை. தலைக்கு மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்னும் பெயர். உரோமானியக் காசுகளைக் கண்ட கண்கள் செய்த வேலை அது.

புறநானூற்றின் 245ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். மனைவியை ஈமத்தீயில் இட்ட பின்னும் உயிரோடிருக்கும் தன்னை நொந்து ஒரு சேரன் பாடியது. பாடியவர் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. காசில் உள்ளவர் அவர்தாமா? பெயரொற்றுமைக்கு அப்பால் காசு வாய் திறப்பதில்லை. நான் விலை கொடுப்பது அந்த ஐயத்துக்குத்தான்!

ஆனால் ஒரு தடை உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். மணல் சலித்தவர் அறிவித்தாரா என்று விற்பவரிடம் கேட்பேன். அவர் மழுப்பினால், எவ்வளவு ஆசை இருந்தாலும், எழுந்து வந்துவிடுவேன்.

நேரிய வழியில் கிடைத்தால், அருங்காட்சியகத்துக்குத் தருமுன் ஒருநாள் இங்கே கொண்டுவருவேன். கைக்குக் கை மாறட்டும். விளிம்பை மட்டும் பிடியுங்கள். அந்த முகத்தில் விரல் படவேண்டாம்.