பட்டம் வாங்காத பேராயர்



செஞ்சியில் மைக் பிடித்தவன் கோட்டையைத் தொடாமல் இறங்கக்கூடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை நம்முடையது ஒன்றுதான். கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நான் பேச வந்தது கோட்டையின் ராஜகிரி மலையைப் பற்றியல்ல. திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறானே, பையில் அரியர் தாளோடு ஒரு பையன், அவனைப் பற்றி.

அவனைப் போலவே, குரூப் ஃபோர் தேர்வில் நூலிழையில் தவறிய பெண்ணிடம் நாம் என்ன சொல்கிறோம்? "விசுவாசம் போதலம்மா, இன்னும் உபவாசம் இரு." ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் பாவத்தையும் ஏற்றுகிறோம். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள்!

தம்பிகளே, ஒருவரைச் சொல்கிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். கிராமத்து ஆயரின் மகன். பதினைந்து வயதில் அப்பா போய்விட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பட்டத் தேர்வு நேரத்தில் நோய் வந்து படுத்தது. பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அன்றும் ஊர் கேட்டிருக்கும், "பையன் பி.ஏ. முடிச்சானா?" என்று. ஊருக்கு வேறென்ன வேலை! அவர் ஒய்.எம்.சி.ஏ. வேலையில் இறங்கினார். 1903இல் நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்காகத் தோற்றவரெல்லாம் பேராயராவார்கள் என்று நான் கதை அளக்கவில்லை. ஆகமாட்டார்கள். நான் பார்ப்பது 1910ஐ. எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த அவையில் எழுந்து, உங்கள் தியாகம் எங்களுக்குத் தெரியும், எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் பேசினார் அவர். அவையில் சிலருக்கு முகம் சுருங்கியது. அதே வேண்டுகோளோடுதான் நம் பிள்ளைகள் இன்று நம் சபைகளின் வாசலில் நிற்கிறார்கள்.

எல்லா ஏமாற்றமும் ஜெபக்குறைவால் வருவதில்லை. சில, சட்டத்தால் வருபவை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்று இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அது. நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான். அந்தப் பிள்ளை தாலுகா ஆபீஸ் படியிறங்கும்போது உபவாசம் பற்றிப் பேசாதீர்கள். உரிமை பற்றிப் பேசுங்கள். கல்லறையில்கூட சாதிச் சுவர் வைத்தவர்கள் நம்மில் உண்டு என்பதையும் மறைக்காமல் பேசுங்கள்.

தம்பி தங்கைகளே, கடவுளிடம் கோபித்துக்கொள்ளுங்கள், சங்கீதக்காரர் செய்ததுதான் அது. ஆனால் தனியாகக் கோபிக்காதீர்கள், ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களே, உங்களிடம் ஒரே கோரிக்கை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டவோ, படிக்க ஒரு அறை கொடுக்கவோ உங்களால் முடியுமா என்று சொல்லுங்கள்.