வழுவும் காவலும்



இலக்கணம் கற்பித்தே காலங்கழித்த ஒருவன் மென்பொருட் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். காரணம் இதுதான். என் பழைய மாணவர் ஒருவர், ஆர்வலர் சிலர் உருவாக்கிய திறந்த மூல அகராதிச் செயலி ஒன்றில், பயனர்களின் கடவுச்சொற்கள் வெளிப்படும் வழுவொன்றைக் கண்டார். அதை யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அவ்வினாவுக்கு நான் தேடிய விடையே இன்றைய உரை.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் வழு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கணினிகள் தம்முள் மறையாக்கம் செய்து பேசிக்கொள்ள உதவுவது அம்மென்பொருள். ஒரு கணினி மற்றொன்றிடம், "நான் அனுப்பும் சொல்லைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு" என்று கேட்கும். நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால், மறுபுறக் கணினி அதனைச் சரிபாராமல், தன் நினைவகத்தில் அருகில் இருப்பவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒருமுறைக்கு 64 கிலோபைட் வரை. 2012 மார்ச்சு மாதப் பதிப்பில் நுழைந்த அவ்வழு ஈராண்டுகள் திருத்தப்படாமலே கிடந்தது.

மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்ததே, ஏன் திருந்தவில்லை? 'பார்க்கலாம்' என்னும் வினைக்கு அங்கே எழுவாய் இல்லை. யாரும் பார்க்கலாம் என்பது வேறு; பார்ப்பது இன்னாருடைய கடமை என்பது வேறு. உலகமே நம்பிய அம்மென்பொருளை அந்நாளில் முழுநேரமாகப் பேணியவர் ஒருவரே. பாதுகாப்புக் குழு அமைத்தலாவது, அவ்வெழுவாயை நிரப்புதல்.

அதனை எவ்வாறு அமைப்பது? முதலாவது, வழுவைக் கண்டவர் மறைவாகத் தெரிவிக்க ஒரு முகவரி வேண்டும். பொதுவிடத்தில் எழுதினால், திருத்துவோர்க்கு முன் திருடுவோர் படித்துவிடுவர். இரண்டாவது, அம்முகவரிக்கு வருவதை ஒருவர் மட்டுமன்றி மூவரேனும் முறைவைத்துப் பார்க்க வேண்டும். செய்தி கிடைத்ததென உடனே மறுமொழி தரவேண்டும். மூன்றாவது, தரம் பிரித்தல். நன்னூலார் வழுவை ஏழாகப் பகுத்தார். ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் பாதுகாப்பு வழுக்களைக் கடுமை நோக்கி நான்காகப் பகுக்கின்றனர். கடுமை குறைந்தவை அடுத்த பதிப்புவரை காத்திருக்கலாம். மிகக் கடியவை காத்திரா. நான்காவது, கண்டவரோடு கலந்து ஒரு நாள் குறித்து, திருத்தத்தையும் அறிவிப்பையும் ஒருங்கே வெளியிடுதல்.

இந்த மறைவு திருத்தம் ஆயத்தமாகும் வரைக்கே. ஹார்ட்பிளீட் வழுவைக் கூகுள் நிறுவனத்தார் ஒருவரும், பின்லாந்து நாட்டு நிறுவனமொன்றும் தனித்தனியே கண்டனர். நல்லவர் இருவர் காண்பதைத் தீயவர் ஒருவரும் காணலாம். ஆதலின் காலம் தாழ்த்தலாகாது. எப்பதிப்பில் வழு, அதனால் என்ன ஊறு, பயனர் செய்யவேண்டுவது என்ன என்னும் மூன்றையும் எளிய மொழியில் உரைத்தல் வேண்டும்.

குழுவில் யாரைச் சேர்ப்பது? 2024இல் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். அதனைப் பேணியவர் சோர்ந்திருந்த வேளையில், உதவ வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை பெற்று, பின்னர்ப் பதிப்புக்குள் கள்ள வாயில் ஒன்றை வைத்தார். தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரைநொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவராலேயே அது வெளிப்பட்டது. திறமை மட்டும் போதாது. இருவர் இசைவின்றிப் பதிப்பு வெளிவரலாகாது. பேணுவோரின் சோர்வைப் பகிர்ந்துகொள்வதும் பாதுகாப்பே.

மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு தமிழ்ச் செயலியை உருவாக்கலாம். அதன் முகப்பில், 'வழுக் கண்டால் இங்கே மறைவாகத் தெரிவியுங்கள்' என்று ஒருவரி எழுதி வையுங்கள். என் மாணவர் அன்று தேடியது அந்த ஒரு வரியைத்தான்.